பெட்டிக்குப் போர்த்திய அங்கி

மாட்டுக்கு மின்விசிறி உண்டு, உனக்குக் கிடையாது என்று நோர்பீபி சொன்ன அன்றுதான் சனோபர் தன் மாமியாரிடம் மரியாதையாகப் பேசுவதை நிறுத்தினாள். பேச்சை நிறுத்தவில்லை. சண்டை போடப் பேச்சு வேண்டுமே.

"பசு பால் குடுக்குது," என்றாள் நோர்பீபி, சனோபரின் அறையிலிருந்து மின்விசிறியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே. "கன்னு போட்ட மாடு. நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. உன் பெட்டி என்னத்தைக் குடுக்குது?"

"அந்தப் பெட்டியால வந்த காசுலதான் எனா அந்த மாட்டையே வாங்கினோம்."

"அப்ப மாடு பெட்டிக்குத் தங்கச்சி ஆச்சு. தங்கச்சிக்கு விட்டுக் குடுக்கட்டும்."

ஆப்கான் எல்லையோரத்துத் தெர்மெஸ் ஊரில் மாமியாரை 'எனா' என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்ற தாயைக் கூப்பிடுகிற அதே சொல்லால். மருமகளுக்குப் பெயர் 'கெலின்'. இந்த வீட்டுப் படியேறி இத்தனை வருடத்தில், சனோபர் என்று அவள் பெயரை நோர்பீபி ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கெலின், அடியே, ஏய், இவளே. பெயர் சொன்னால் எங்கே நாக்கு தேய்ந்துவிடுமோ என்று பயம்.

சனோபர் பாய்சூன் மலைக்காரி. கோடையிலும் ராத்திரி போர்வை தேடும் ஊர் அது. அங்கிருந்து அவளை இறக்கிக் கொண்டுவந்து, ஆற்றங்கரைச் சமவெளியில், ஆப்கான் பக்கத்துக் காற்று மண்ணை வாரி வீசுகிற இந்த வாணலியில் போட்டார்கள். ஜூன் கடைசியில் பிடிக்கும் நாற்பது நாள் சூட்டில் கோழி முட்டையிடாது, நாய் குரைக்காது. இந்த வருடமும் அவள் தன் இரண்டு பெண்களையும் மலைக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு தானும் போயிருப்பாள். நோர்பீபி விடவில்லை. வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், யார் சமைப்பது?

பெட்டி என்பது கணினியில் கம்பியால் சொருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்க். கருப்பு. ஒரு செங்கல் அளவு. அதற்குள் அந்த வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் தலைமுக்காடு இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அது தொடங்கியது நாத்தனார் குல்சாராவின் கல்யாணத்தில். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன சனோபரின் புருஷன் எஷ்முராத், தங்கை கல்யாணத்துக்கென்று ஒரு கேமரா வாங்கி வந்திருந்தான். அதைப் பிடித்துப் படமெடுக்க ஓர் ஆளையும் வைத்தான். அந்த ஆள் பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரக்கட்டைகளாக உட்கார்ந்தார்கள். கைமேளம் அடித்தவள் அடிப்பதை நிறுத்தினாள். குல்சாராவுக்கு அழுகை வந்துவிட்டது. சனோபர் எழுந்து போய் அந்த ஆளின் கையிலிருந்து கேமராவை வாங்கினாள்.

"அண்ணே, நீங்க போய்ப் புலாவ் சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

அவன் போனான். கதவைச் சாத்தினார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் பெட்டியில் இருக்கிறது. நோர்பீபியும் இருக்கிறாள். விதவைக்கோலம் பூண்ட மறு வருடம், மகளின் கல்யாணத்தில், முக்காடு நழுவித் தோளில் கிடக்க, கையிரண்டையும் விரித்து அப்படி ஓர் ஆட்டம். மறுநாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே, "என்னதை அழிச்சுடு," என்றாள்.

"அழிச்சுட்டேன் எனா," என்றாள் சனோபர். அழிக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பக்கம் படமெடுக்க எல்லோரும் சனோபரைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அவள் முன் வைப்பார்கள். அவள் அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்: இந்தப் படம் இணையத்தில் ஏறாது, கைபேசியில் ஏறாது, ஆண் கண்ணில் படாது. கல்யாண வீட்டுக்கு ஒரு பிரதி, பாதுகாப்புக்கு சனோபரின் பெட்டியில் ஒன்று. கல்யாண வீட்டுப் பிரதிகளின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் அதன் மேல் தேநீரைக் கொட்டும், மாப்பிள்ளை தெரியாமல் அழித்துவிடுவான், யாரோ இரவல் வாங்கிப் போவார்கள். பிறகு சனோபரின் வாசலுக்கு வருவார்கள். "உன் பெட்டில இருக்கும்ல?" இருக்கும். எப்போதும் இருந்தது. கேமராவோடு ஊர் சுற்றுகிறவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிய வாய்களும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது சற்றுத் தேன் தடவிக்கொண்டன.

வசந்தத்தில் ஒரு நாள் மின்சாரம் போய்விட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. சனோபரின் கணினி ஒரு நாற்றம் விட்டு, உள்ளே இருந்த படங்களோடு செத்துப்போனது. அன்று பெட்டியைச் சொருகாமல் வைத்திருந்ததால் பெட்டி பிழைத்தது. ஆனால் அன்று முதல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் பிரதி.

நோர்பீபி அன்று சாயங்காலமே மகனுக்கு ஃபோன் போட்டாள். சனோபர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

"இன்னொரு தடவை ஏதாவது கெட்டுதுன்னா, அந்தக் கேமராவை வித்துப் போடு. இவ அடுப்படியில இருக்கட்டும். என்ன சொல்ற?"

"சரி எனா," என்றான் எஷ்முராத்.

மாமியார் சொன்னதை சனோபர் மறந்திருப்பாள். அந்தச் 'சரி'யை மறக்கவில்லை.

ஒரு பழைய மடிக்கணினியும் புதிய டிஸ்க் ஒன்றும் வாங்கினாள். எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் மூச்சு விடலாம். ஆனால் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். அவற்றில் ஒன்று அடுத்த தெரு சலோமத்தின் மகள் கல்யாணம். சலோமத் வாயைத் திறந்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கழுதை மிரளும். அவள் வீட்டில் ரொட்டி மேல் சனோபர் இரண்டு கையும் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு பெருஞ்சூடு பிடித்தது, கல்யாணங்கள் நின்றன, சனோபர் மாற்றுவதற்கு உட்கார்ந்தாள்.

பெட்டி ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடும். கை வைத்தால் வெதுவெதுப்பு. அப்புறம் சூடு. அப்புறம் உள்ளே கோழி தானியம் கொத்துகிற மாதிரி டிக், டிக் என்று ஒரு சத்தம். அதோடு கணினி, அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று கையை விரித்துவிடும். ஆற வைத்து மறுபடி தொடங்கினால் மறுபடி அதே கதை. ஒவ்வொரு தடவையும் டிக் சத்தம் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. கொஞ்ச நாளில் இது நிரந்தரமாக வாயை மூடிவிடும் என்று சனோபருக்குத் தெரிந்தது. ரொட்டி ஆறவைக்கும் கம்பித் தட்டின் மேல் பெட்டியை நிறுத்தி, அடியிலும் பக்கத்திலும் காற்று படும்படி மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். அப்போது நன்றாக ஓடியது. அந்த மின்விசிறியைத்தான் நோர்பீபி தூக்கிக்கொண்டு போனாள்.

மாடு ஒரு சாக்கு. உண்மையான காரணம் நடைக்கு எதிர்ப்பக்க அறையில் இருந்தது. அங்கே கொழுந்தன் பெண்டாட்டி ஜுலைஹோ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பிறந்து நாற்பது நாள் ஆகும்வரை பிள்ளை மேல் காற்றுப் படக் கூடாது. பிள்ளை வரப்போகிறது என்று கொழுந்தன் ஆசையாக ஒரு ஏசி வாங்கி அந்த அறையில் மாட்டியிருந்தான். பிள்ளை வந்தது. நோர்பீபி ஏசியின் வாயில் ஒரு பூப்போட்ட துணியைச் செருகினாள். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு வைத்து அடைத்தாள். அந்தப் பூட்டிய அறையில் ஜுலைஹோ உருகிக்கொண்டிருந்தாள்.

"உன் அறையில விசிறி சுத்துச்சுன்னா கதவுக்கு அடியில காத்து நடைக்கு வருது. நடையில இருந்து பிள்ளைகிட்ட போகுது," என்றாள் நோர்பீபி.

"காத்துக்கு வழி சொல்லிக் குடுத்து அனுப்புறீங்களா எனா? இங்க திரும்பு, அங்க திரும்புன்னு?"

"உன் வாய்க்கு அடியில இருந்துதான் முக்கால்வாசிக் காத்து வருது. முதல்ல அதை அடைக்கணும்."

"பெட்டியை ஃப்ரிட்ஜுல வெச்சுப் பாருங்களேன் ஓபா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஜுலைஹோ ஈனக்குரலில் சொன்னாள். மூத்த மருமகளை அவள் 'ஓபா', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முலாம்பழம் இந்தச் சூட்டில் எப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்று சனோபர் தினமும் பார்க்கிறாள். பெட்டி உள்ளுக்குள் அப்படி வேர்த்தால் அன்றே கதை முடிந்தது. யோசித்தாள். மின்விசிறி பெட்டியிடம் வராது என்றால் பெட்டி மின்விசிறியிடம் போகட்டும்.

மறுநாள் காலை மடிக்கணினி, புதிய டிஸ்க், பெட்டி, கம்பித் தட்டு எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் தட்டை வைத்து, மாட்டுக்கும் மின்விசிறிக்கும் நடுவில் பெட்டியை நிறுத்தினாள். மாடு கழுத்தை நீட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன உதவாது என்று தலையைத் திருப்பிக்கொண்டது. சாணி நாற்றம், வைக்கோல் தூசு, ஈ. ஆனால் பெட்டி ஓடியது. டிக் சத்தம் இல்லை. ஒவ்வொரு கல்யாணமாகப் புதிய டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பழைய கல்யாணங்கள் கடைசியில் போகும்படி அமைந்திருந்தது. சனோபர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கொரு முறை புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரக்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி.

மதியம் நெருங்கும்போது முற்றத்திலிருந்து குரல் வந்தது. "கெலின்! ஜுலைஹோவோட அம்மா வர்றா! வெறும் தேநீரைக் குடுத்து அனுப்பச் சொல்றியா?"

சம்பந்தி வந்தால் புலாவ் ஏற்ற வேண்டும். பெரிய கொப்பரை தோட்டத்துக் கடைசியில். எண்ணெய் காய்ந்து, இறைச்சி வதங்கி, காரட் விழுந்து, அரிசி மூடுகிறவரை அடுப்பை விட்டு நகர முடியாது. சனோபர் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த மாமியாரிடம் சொல்வதைவிட மாட்டிடம் சொல்லலாம்.

அரிசி போடுகிற நேரத்தில் ஆப்கான் காற்று கிளம்பியது. தெற்கே வானம் செங்கல் நிறமாகி, கண்ணைத் திறக்க முடியாமல் மண் அடித்தது. கொப்பரையை மூடி, மூடிக்கு மேல் துணி போட்டு, அதற்கு மேல் தானே கவிழ்ந்துகொள்ளாத குறையாக நின்றாள். கொட்டகைப் பக்கம் நோர்பீபி முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. கன்றைக் கட்டப் போகிறாள் என்று நினைத்தாள்.

சம்பந்தி வந்து, தின்று, பிள்ளைக்குத் துணிமணி கொடுத்து, வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போனாள். சனோபர் கையைக்கூடக் கழுவாமல் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. மின்விசிறி கன்றின் பக்கம் திரும்பி அதன் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. கம்பித் தட்டின் மேல் பெட்டியைக் காணோம். அதன் இடத்தில், செத்துப்போன மாமனாருடைய பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கி, நாலாக மடித்து, இடுப்புத்துணியால் அழகாகச் சுற்றிக் கட்டி, பிள்ளையைத் துணியில் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சனோபர் முடிச்சைப் பிரித்தாள். தந்தூர் அடுப்பின் மூடியைத் திறந்தது போல் சூடு முகத்தில் அடித்தது. பெட்டியைத் தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மடிக்கணினி, அப்படி ஒரு பெட்டி இல்லை என்றது. டிக் சத்தமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

அவள் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை இழுத்தது.

"என்ன பண்ணீங்க? எனா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

நோர்பீபி கொட்டகை வாசலுக்கு வந்தாள். "கத்தாதே, பிள்ளை தூங்குது. மண்ணு அடிச்சுது. மூடி வெச்சேன். தொட்டுப் பாத்தா சூடா வேற இருந்துது. சூடு உள்ள போகாம இருக்க அங்கியைப் போர்த்தினேன்."

"சூடா இருக்கிறதுக்கு யாராவது பஞ்சு அங்கி போர்த்துவாங்களா?"

"யாராவதா? உன் மாமனார் இதைப் போட்டுக்கிட்டுத்தான் நடு வெயில்ல பருத்திக் காட்டுல நின்னாரு. ஒரு நாள் மயங்கி விழுந்திருப்பாரா? ஐஸ்கட்டி விக்கிறவன் எதைப் போர்த்தி விக்கிறான்? வெயில் உள்ள ஏறாதுடி!"

"அதெல்லாம் வெளிய இருந்து சூடாகுறது. இது உள்ள இருந்து சூடாகுது!"

"உள்ள இருந்து சூடாகுறதுக்கு அது என்ன, நீயா?"

"கொன்னுட்டீங்க," என்றாள் சனோபர். குரல் இறங்கிப்போயிருந்தது. "வேணும்னே கொன்னுட்டீங்க. கேமராவை விக்கணும். நான் சாணி அள்ளணும். அதுதானே?"

நோர்பீபியின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் அவள் அழுகிற ஜாதி இல்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"இங்க பாரு. கொல்லணும்னா தந்தூர்ல தூக்கிப் போட்டிருக்க மாட்டேனா? காலையில இருந்து எரிஞ்சுக்கிட்டுக் கிடக்கு. உனக்குத் தெரியாம, சாம்பல்கூட மிஞ்சாம. போர்த்தி, முடிச்சுப் போட்டு, அந்த மனுஷனோட அங்கியைத் துணிப்பெட்டியில இருந்து எடுத்து... எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"அப்ப எதுக்குக் காப்பாத்தினீங்க? உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாதே."

"ஆகாதுதான். ஊர்ப் பொண்ணுங்க தலையெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. அது போச்சுன்னா எல்லாரும் யார் வாசல்ல வந்து நிப்பாங்க? உன் பேரா சொல்லுவாங்க? நோர்பீபி வீட்டுல போச்சும்பாங்க."

தந்தூர் விஷயத்தில் நியாயம் இருந்தது. மாமியார் கெடுதல் செய்ய நினைத்தால் அதை அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்று சனோபருக்குத் தெரியும். அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. முன்பு ஒரு எதிரி இருந்தாள். இப்போது ஒரு முட்டாள் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். காவலுக்கு ஆள் வைக்காமல் போனவள் யார் என்ற கேள்வி ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பெட்டியைக் கம்பி கழற்றி நிழலில், தட்டின் மேல், தானாக ஆற விட்டாள். சூடு முழுக்க இறங்கும்வரை தொடவில்லை. பிறகு சொருகினாள். உள்ளே ஏதோ முனகி, சுற்றி, விளக்கு எரிந்தது. உயிர் இருந்தது. ஆனால் பத்துக் கல்யாணம்கூடப் போகாது, அதற்குள் டிக், டிக் வந்துவிட்டது. இந்தக் கொட்டகை மின்விசிறி அடிப்பதும் சூட்டுக் காற்றைத்தான். இனி இது போதாது.

ஜுலைஹோவின் கதவு கொஞ்சமாகத் திறந்தது. வியர்வையில் தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"ஓபா, இங்க கொண்டு வாங்க. ஏசி இருக்கு."

நோர்பீபி இரண்டு எட்டில் அங்கே போய்க் கதவை மறித்துக் கையை விரித்தாள். "யாருடி அது? யாரைக் கேட்டுச் சொன்ன?"

வீட்டுக்கு வந்த நாள்முதல் மாமியார் முகத்தைப் பார்த்துப் பேசாத ஜுலைஹோ, இப்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் பேசினாள். "எனா, பிள்ளைக்கு முதுகு பூரா வேர்க்குரு. ராவும் பகலும் கத்துது. எனக்குப் பால் வத்திடும் போல இருக்கு."

"வேர்க்குருவுல எந்தப் பிள்ளையும் சாகல. காத்துல செத்திருக்கு." நோர்பீபி விரித்த கையை இறக்கினாள். "எனக்கு எஷ்முராதுக்கு முன்னாடி ஒண்ணு பிறந்துது. முப்பது நாள்கூட ஆகல. ஜன்னலைத் திறந்து போட்டுட்டேன்."

சனோபர் இதைக் கேள்விப்பட்டதில்லை. இத்தனை வருடம் ஒரே கொப்பரையில் தின்றும் கேள்விப்பட்டதில்லை. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த அந்த அங்கி அவள் கையில் இருந்தது. கனம். காற்று நுழைய முடியாத கனம்.

"காத்து பிள்ளை மேல படக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"இந்த அங்கிக்குள்ள காத்து போகுமா?"

நோர்பீபி அங்கியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "போகாது," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. சொல்லித்தானே ஆக வேண்டும்.

அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி அங்கியைக் கைகள் விரித்த மாதிரித் தொங்கவிட்டார்கள். அங்கிக்கு அந்தப் பக்கம் தொட்டில், அதன் மேல் வழக்கமான துணிகள். இந்தப் பக்கம் ஏசிக்கு நேரே கம்பித் தட்டில் பெட்டி. நோர்பீபி ஏசியின் வாயில் செருகியிருந்த பூப்போட்ட துணியைத் தன் கையால்தான் உருவுவேன் என்றாள். உருவினாள். பிறகு ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு துளி பஞ்சைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பஞ்சு அசைஞ்சுது, உன் பெட்டி கால்வாய்ல."

"உங்க மூச்சுல அசைஞ்சா?"

"நான் மூச்சு விட மாட்டேன்."

ஏசி ஓடியது. அறை குளிர்ந்தது. பெட்டி சத்தமில்லாமல் சுற்றியது. சனோபர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜுலைஹோ சுவரில் சாய்ந்து, மாதக்கணக்கில் தாகத்தோடிருந்தவள் தண்ணீரைப் பார்த்த மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். நோர்பீபி பஞ்சைப் பார்த்தாள். பஞ்சு அசையவில்லை.

இடையில் பிள்ளை தும்மியது.

மூன்று பேரும் கல்லானார்கள். உடனே ஜுலைஹோ 'அச்' என்று ஒரு தும்மல் போட்டாள். அதைவிடப் பொய்யான தும்மல் உலகத்தில் இருக்க முடியாது. "நான்தான் எனா," என்றாள். "முதல்லயும் நான்தான்."

நோர்பீபி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மூக்கு ரெண்டு வெச்சிருக்க போல," என்றாள். எழுந்து துணிக்கடியில் கை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் பழைய கல்யாணங்களுக்கு வந்தது. நோர்பீபி பஞ்சிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "இப்ப எது போகுது?"

"குல்சாரா கல்யாணம்."

"என்னதை அழிச்சுட்டேன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"தெரியும்." பஞ்சை மறு உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டு, "நிதானமாப் போகச் சொல்லு. அவசரத்துல சூடாகிடப் போகுது."

எல்லாம் போய்ச் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. அங்கிக்குள் வெந்தபோது ஓடிக்கொண்டிருந்த கல்யாணம் இரண்டு டிஸ்க்கிலும் சரியாகத் திறக்கவில்லை. ஊரில் இத்தனை வீடு இருக்க, அது சலோமத் மகளுடையது. எத்தனை தடவை முயன்றாலும் பாதி முகமும் பச்சைக் கட்டங்களும்தான் வந்தன. சலோமத்திடம் கொடுத்த பிரதியையும் அவள் மாப்பிள்ளை ஏற்கெனவே தொலைத்திருந்தான்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் சனோபர் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். சொல்லித்தான் தீர வேண்டும். வாசலில் நோர்பீபி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்க?"

"அவ கத்துவா. நீ வாயைத் திறந்தா ரெண்டு பேரும் முடியைப் பிடிச்சுக்குவீங்க. அவளுக்கு மேல கத்த ஒரு ஆள் வேண்டாமா?"

சலோமத் கத்தினாள். ரொட்டியின் சாபம் உன்னைச் சும்மா விடாது என்றாள். மலைக்காரி, கேமராக்காரி என்று தொடங்கி, சனோபரின் பாட்டன் முப்பாட்டன்வரை போனாள். நோர்பீபி அதைவிட உரக்க, உன் மாப்பிள்ளை தொலைத்ததற்கு யார் சாபம் கொடுப்பது, என் கெலினை வைய எனக்குத்தான் உரிமை, உனக்கு யார் கொடுத்தது என்றாள். மதிலுக்கு மேல் அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன. அடுத்த கல்யாணத்துக்குக் காசில்லாமல் எடுத்துத் தருகிறேன் என்று சனோபர் நடுவில் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

விஷயம் ரஷ்யாவரை போயிருந்தது. எஷ்முராத் ஃபோன் போட்டான். "என்னமோ கெட்டுப்போச்சாமே எனா. கேமராவை வித்துடலாமா?"

"உனக்கு யாருடா சொன்னது? நீ அங்க செங்கல்லைப் பாரு. இங்க இருக்கிறதை நாங்க பாத்துக்குவோம்," என்று நோர்பீபி ஃபோனை வைத்தாள். பக்கத்திலிருந்த சனோபரைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றாள்.

புதிய டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு, மலைக்குப் போகிற ஒருத்தியிடம் கொடுத்துத் தாய்வீட்டில் வைக்கச் சொன்னாள் சனோபர். இனி ஒரே இடத்தில் எல்லாம் இருக்காது. பழைய பெட்டியைக் கம்பியோடு சுருட்டி எடுக்க ஜுலைஹோவின் அறைக்குப் போனாள்.

ஜுலைஹோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓபா, எடுத்துடாதீங்க. எடுத்தீங்கன்னா ஏசியை நிறுத்திடுவாங்க." பிள்ளையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். வேர்க்குரு உதிர்ந்து தோல் வழவழவென்றிருந்தது.

சனோபர் பெட்டியைத் திரும்ப வைத்தாள். கம்பியைச் சுவர்ப்பக்கம் தொங்கவிட்டாள், எதிலும் சொருகாமல்.

நோர்பீபி தினமும் வந்தாள். முதலில் வாசலில் நின்று கேட்டாள். பிறகு அங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அப்புறம் தன் தலையணையையே கொண்டுவந்துவிட்டாள்.

"உன் பெட்டி வேலை முடிஞ்சுதா?"

"இல்ல எனா. இன்னும் இருக்கு."

பிள்ளையின் நாற்பது நாள் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஒரு மதியத்தில் நோர்பீபி எழுந்து நேராகப் பெட்டியிடம் போனாள். குனிந்து, எதிலும் சொருகாத கம்பியின் நுனியைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தாள். அது கிணற்றுக் கல் மாதிரிச் சில்லென்றிருந்தது. சனோபர், வருகிற சண்டைக்கு முதல் வரியைத் தயார் செய்தாள்.

நோர்பீபி கையை எடுத்து முக்காட்டில் துடைத்துக்கொண்டாள்.

"கொதிக்குது," என்றாள். "அப்படியே கிடக்கட்டும்." போய்த் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். "அந்தக் கதவைச் சாத்துடி சனோபர். குளிரெல்லாம் வெளிய போகுது."